'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை மாட்டினால் போதுமா? கோடைக் கேளிக்கை இடங்களில் விபத்து நேர்ந்தால் டெல்டா குடும்பங்கள் செய்ய வேண்டியவை

மே மாதத்தில் காவிரியில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் திறக்க வழக்கமாக ஜூன் 12 ஆகும், கல்லணைக்கு வந்து சேர இன்னும் மூன்று நான்கு நாள். அதற்குள் பள்ளி லீவு முடிந்துவிடும். அதனால் கோடை லீவில் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பிள்ளைகள் ஆற்றை மறந்துவிட்டு, மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் நீச்சல் குளம், தென்னந்தோப்புக்குள் கட்டிய பண்ணை வீட்டுக் குளம், வாட்டர் பார்க், பொருட்காட்சி ராட்டினம், இல்லையென்றால் வேளாங்கண்ணி, பூம்புகார், தரங்கம்பாடி என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த இடங்கள் பலவற்றின் வாசலில் ஒரு பலகை இருக்கும்: 'இங்கு ஏற்படும் விபத்துக்கோ உயிர்ச்சேதத்துக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல.' டிக்கெட்டின் பின்பக்கத்திலும் அதையே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம்கூட 'எழுதித்தானே வச்சிருந்தாங்க' என்று வாயடைத்துத் திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்ப வேண்டியதில்லை. பலகையில் எழுதியது சட்டம் ஆகாது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் சாட்சியம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன இல்லை, எது உடைந்திருந்தது, யார் அங்கே இல்லை என்பதற்கான அடையாளங்கள் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றியது.

பொறுப்பு யாருக்கு, எதுவரை

ஓர் இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, காசு வாங்கி ஆட்களை உள்ளே விடுகிறவருக்கு, அவர்கள் பத்திரமாக வெளியே போகும்படி நியாயமான கவனம் எடுக்க வேண்டிய கடமை உண்டு. சட்டத்தில் இதைக் கவனக் கடமை என்பார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே 1957ல் தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. நீதிமன்றங்கள் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பாகக் கட்டிய சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்று கேள்வி: கடமை இருந்ததா, அதை மீறினார்களா, அந்த மீறலால்தான் இந்தச் சேதம் வந்ததா.

முதல் இரண்டையும் காட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. வழக்கு தோற்பது பெரும்பாலும் மூன்றாவதில். 'லைஃப் கார்டு இல்லை' என்று சொன்னால் மட்டும் போதாது. பிள்ளை எத்தனை நிமிடம் தண்ணீருக்குள் கிடந்தான், முதலில் பார்த்தது யார், கார்டு நின்றிருந்தால் எந்த இடத்திலிருந்து பார்த்திருக்க முடியும் என்று இழையை இழையோடு கோக்க வேண்டும்.

சில விபத்துகளில் அந்தப் பாரம் உங்கள் மேல் விழாது. கட்டடம் சரிந்தது, ராட்டினத்தின் தொட்டி கழன்றது என்றால் கவனக்குறைவு இல்லாமல் அது நடந்திருக்காது, சம்பவமே சாட்சி. டெல்லி சாந்தினி சவுக்கில் மாநகராட்சியின் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966ல் சொன்னது இதைத்தான்: 'பழுது வெளியே தெரியவில்லை' என்பது தப்பிக்கும் வழி ஆகாது. 1995ல் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா அழைத்துப் போன இடத்தில் 14 பள்ளிப் பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். அந்த வழக்கில் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று உயர் நீதிமன்றம் விதித்ததை 2001ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கூடப் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூலிக்கு வைத்த ஆள் செய்த தவறு முதலாளியையும் சேரும் என்பது பழைய விதி.

பலகைக்கு வருவோம். டெல்லி ஹோட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோனது. 'உங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருந்தார்கள். தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரியால் கழற்றிவிட முடியாது என்று 2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காருக்கே அப்படியென்றால் உயிருக்குக் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் தெளிவு: 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. 'சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன்' என்று பன்னிரண்டு வயதுப் பையன் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை.

விளையாட்டோடு கூடவே வரும் ஆபத்துக்கு மட்டும் நிர்வாகம் பொறுப்பேற்காது. சறுக்குப் பலகையில் இறங்கி முழங்கையில் சிராய்ப்பு ஏற்பட்டால் வழக்கில்லை. அதே பலகையில் ஃபைபர் பிளந்து கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தால் வழக்கு உண்டு.

உள்ளே போனதும் பத்து நிமிடம்

குளத்தில் பிள்ளையை இறக்கும் முன் ஆழமான பக்கத்துக் கரையில் நின்று கீழே பாருங்கள். அடியில் தண்ணீரை உறிஞ்சும் வடிகாலுக்குக் கம்பி மூடி போட்டிருப்பார்கள். மேலிருந்து அந்தக் கம்பிகளை எண்ண முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அங்கே மூழ்கிக் கிடக்கும் ஆளையும் யாரும் பார்க்க முடியாது, இறக்காதீர்கள். கம்பி தெரிகிறது, ஆனால் நாலு திருகில் இரண்டு இல்லாமல் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்றால் அது இன்னும் மோசம். மோட்டார் ஓடும்போது அந்த இடைவெளியில் உறிஞ்சும் விசை, நீளமான தலைமுடியையும் சின்னக் கையையும் பிடித்துக்கொள்ளும். பெரியவர் இழுத்தாலும் வராது. மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பணியாளரிடம் கேளுங்கள். அவர் யோசித்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

ஆழம் அடிக்கணக்கில் கரையில் எழுதியிருக்க வேண்டும். பண்ணை வீட்டுக் குளங்களில் மூன்றடியிலிருந்து ஆறடிக்குத் திடீரென்று சரியும் இடம்தான் பிள்ளைகள் காலை விடும் இடம். அங்கே குறுக்கே மிதவைக் கயிறு கட்டியிருக்கிறதா பாருங்கள். ஐந்தடிக்குக் குறைந்த ஆழத்தில் தலைகீழாகக் குதிப்பது கழுத்தெலும்பை முறித்து வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் தள்ளும். லைஃப் கார்டின் கண் தண்ணீர்மேல் இருக்க வேண்டும். அவரே டிக்கெட் கிழித்துக்கொண்டு, டியூப் வாடகையும் வாங்கிக்கொண்டிருந்தால் அங்கே கார்டு இல்லை என்றுதான் அர்த்தம்.

மூக்கில் ஏறும் நெடி சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் நெடி. அதிகக் கூட்டம், குறைந்த பராமரிப்பு என்று பொருள். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமிலக்காரத் தன்மை (பி.எச்.) 7.2 முதல் 7.8 என்று தினமும் பார்த்து எழுதும் நோட்டு இருக்க வேண்டும். நீச்சல் குளத் தண்ணீரின் தரத்துக்கென்று ஐ.எஸ். 3328 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது.

மோட்டார் அறையும் விளக்கு ஒயரும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் போட்டிருக்க வேண்டும். சுவிட்ச் போர்டில் அதற்குச் சின்ன டெஸ்ட் பொத்தான் இருக்கும்.

பொருட்காட்சியில் ராட்டினத்தின் மேலே பார்ப்பதைவிடக் காலடியைப் பாருங்கள். நம் பக்கத்து மண் வயல் களிமண். கோடை மழை ஒன்று கொட்டினால் இறுகிக் கிடந்த தரை இளகி, ஒரு பக்கத்து மரக்கட்டை அரை அங்குலம் அமுங்கினாலே முழுச் சக்கரமும் சாயும். கட்டைக்கும் இரும்புக் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஏறாதீர்கள். இருக்கைக் கம்பியைப் பூட்டும் ஊசியில் கிளிப் மாட்டியிருக்கிறதா, வெறும் கம்பியையோ கயிற்றையோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு ஐ.எஸ். 15475 என்ற பாதுகாப்பு நெறி உண்டு. காற்றடைத்த குதிக்கும் பலூனை நாலு மூலையிலும் ஆணியடித்துக் கட்டியிருக்க வேண்டும்; காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்தில் சாயங்காலக் கடற்காற்று அடிக்கும்போது இது விளையாட்டு விஷயமே இல்லை.

பார்ப்பதோடு நிற்காமல் ஐந்தாறு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: வாசல் பலகை, கட்டணப் பலகை, குளத்தின் முழுத் தோற்றம், கார்டு இருக்கை, டிக்கெட்டின் இரண்டு பக்கமும். ஜிபேயில் பணம் கட்டினால் யார் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். பலகையில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறாக இருக்கும். பின்னால் யார்மேல் வழக்குப் போடுவது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

மூழ்குகிறவர் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வரும், கை பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வெளியே தூக்கியதும் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை ஊதல். அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரியவருக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம், பிள்ளைக்கு நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். பிழைத்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்து வேலையைக் காட்டும்.

ஒருவர் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் போகட்டும். சொந்தத்தில் நிதானமான இன்னொருவர், மாமாவோ சித்தப்பாவோ, அங்கேயே நிற்கட்டும். அவருடைய வேலை அழுவதோ சண்டை போடுவதோ இல்லை, வீடியோ எடுப்பது. குளத்தைச் சுற்றி ஒரு நடை, எந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, கார்டு இருக்கை காலியா, மிதவை வளையம் சுவரில் இருக்கிறதா, உடைந்த பாகம் நெருக்கத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. கூட இருந்தவர்களில் இரண்டு மூன்று பேரின் பெயரும் போன் நம்பரும். மறுநாள் போனால் புது மூடி மாட்டியிருக்கும், புது மஞ்சள் கயிறு கட்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் எழுதும் முதல் வரி

அவசர சிகிச்சை தர அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டும் கடமைப்பட்டவை. போலீஸ் வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தஞ்சை மருத்துவக் கல்லூரியானாலும் தாலுகா ஆஸ்பத்திரியானாலும் விபத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஊரில் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று அதில் முதலில் ஒரு வரி வரும். வழக்கு முழுவதும் எதிர்த்தரப்பு பிடித்துத் தொங்கப்போவது அந்த வரியில்தான்.

அம்மா அப்பா பதறிக்கொண்டிருக்கும்போது, கூட வந்த நீச்சல் குள ஊழியர் முன்னால் நின்று 'ஓடி விளையாடும்போது தானா வழுக்கி விழுந்துட்டான் சார்' என்று சொல்லிவிடுவார்; டாக்டர் அப்படியே எழுதிவிடுவார். அதனால் நீங்களே சொல்லுங்கள்: 'இன்ன ஊரில் இன்ன பெயருள்ள நீச்சல் குளத்தில், சாயங்காலம் 4.20க்கு, ஆழமான பக்கத்தில் மூழ்கிக் கிடந்தான், வேறொரு குடும்பம்தான் தூக்கியது.' இடம், நேரம், யார் கண்டது என்ற மூன்றும் அந்த வரியில் வந்துவிட வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் அன்றைக்கே எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

உயிர் போய்விட்டால் வரும் முடிவு இதைவிடக் கொடுமையானது. 'போனவன் போயிட்டான், பிள்ளையை அறுக்க வேண்டாம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால், மூழ்கித்தான் இறந்தானா, மின்சாரம் பாய்ந்தா, தலையில் அடிபட்டா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நிர்வாகம் 'வலிப்பு வந்திருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். காப்பீட்டுப் பணமும் நின்றுபோகும். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் (18 முதல் 70 வயது வரை) இறப்புக்கு 2 லட்சம் உண்டு. நிறையக் குடும்பங்களுக்குத் தங்கள் கணக்கில் அது இருப்பதே தெரியாது. பாஸ்புக்கைப் பாருங்கள்.

காவல் நிலையத்தில்

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்குப் பதிவு, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு. சி.எஸ்.ஆரோடு வீட்டுக்கு வந்து காத்திருக்கும் குடும்பங்கள் ஏமாந்து போவது இங்கேதான். எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு இலவசமாக நகல் தர வேண்டும். 'அது எங்க லிமிட் இல்லை' என்ற பதிலும் இப்போது எடுபடாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

1.7.2024 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்றால் அதன் 106(1) பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று வருடம் வரை. ராட்டினம், மோட்டார் போன்ற இயந்திரம் என்றால் 289ஐயும், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு என்றால் 284ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

புகாரில் கார்டு பையனின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். மாதம் பத்தாயிரத்துக்கு நிற்கும் அவனைக் கைது செய்து கோப்பை மூடுவது எல்லோருக்கும் வசதி. உரிமையாளர், ஏலம் எடுத்து நடத்துகிறவர், ராட்டினத்துக்காரர், மின்சார வேலை பார்த்தவர், இடத்தைக் குத்தகைக்கு விட்ட நகராட்சி என்று தெரிந்த அத்தனை பேரையும் எழுதி, 'விசாரணையில் தெரியவரும் மற்றவர்களும்' என்று முடியுங்கள்.

கேமரா பதிவு அழியும் முன்

சின்ன இடங்களின் கேமரா ஒரு வாரம் பதினைந்து நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். பிறகு பழையதன் மேலேயே பதியும். மறுநாளே ஒப்புகையுடன் தபாலிலும், கூடவே வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒரு கடிதம் அனுப்புங்கள்:

'தங்கள் நீச்சல் குளத்தில் (தேதி) அன்று மாலை 4.20 மணியளவில் என் மகனுக்கு நேர்ந்த விபத்து தொடர்பாக, அன்று பிற்பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரையிலான எல்லாக் கேமராப் பதிவுகள், டிக்கெட் விற்பனைப் பதிவு, பணியாளர் வருகைப் பதிவேடு, லைஃப் கார்டின் பயிற்சிச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை நோட்டு, மோட்டார் மற்றும் வடிகால் மூடியின் பராமரிப்புப் பதிவு ஆகியவற்றை அழிக்காமலும் மாற்றாமலும் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விபத்து நடந்த பாகத்தைக் காவல் துறை பார்வையிடும் வரை பழுதுபார்க்கக் கூடாது. இவை அழிந்தால் தங்களுக்கு எதிரான அனுமானம் கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கோருவேன்.'

நகல் ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நீங்கள் எடுத்த வீடியோவை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் ஓடிச் சுருங்கிய நகலோடு நீதிமன்றம் போனால் தொல்லை. மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்று இணைக்க வேண்டியிருக்கும்.

அதே வாரத்தில் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகராட்சி அல்லது ஊராட்சிக்கு ஒன்று, தீயணைப்புத் துறைக்கு ஒன்று. இந்த முகவரியில் நீச்சல் குளம் நடத்த உரிமம் தந்தீர்களா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள், அறிக்கையின் நகல் தருக. 30 நாளில் பதில் வர வேண்டும். 'அப்படி ஆவணம் ஏதும் இல்லை' என்று வந்தாலும் கிழித்துப் போடாதீர்கள், அந்தக் கடிதமே உங்கள் வலுவான ஆவணம்.

எங்கே வழக்கு

காசு கொடுத்து உள்ளே போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் நேர்வழி. டிக்கெட் அப்பா வாங்கியிருந்தாலும் பிள்ளையும் நுகர்வோரே. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: எந்த ஆணையம் என்பதும் மனுக் கட்டணமும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. 300 ரூபாய் டிக்கெட்டுக்கு 40 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வாட்டர் பார்க் சென்னையிலிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கெடு இரண்டு வருடம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது.

பள்ளி நடத்தும் கோடை முகாமில் விபத்து என்றால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் நடத்தும் நீச்சல் போன்றவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020ல் சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதை எடுத்து நீட்டுவார். அப்படிப்பட்ட வழக்கை உரிமையியல் நீதிமன்றத்துக்கே கொண்டுபோவது நல்லது. மரணம் என்றால் 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டப்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் வழக்குப் போடலாம். கெடு இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம். கோர்ட் ஃபீ கட்ட முடியாதவர்கள் 15100க்கு அழைத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு.

தொகையைக் கணக்கிட, சாலை விபத்து வழக்குகளில் 2009ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையைப் பல நீதிமன்றங்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. 32 வயது ஆட்டோ ஓட்டுநர், மாதம் 15,000 சம்பாத்தியம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று வையுங்கள். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 10,000. அதை 12 மாதத்தாலும் அந்த வயதுக்குரிய பெருக்கு எண்ணான 16ஆலும் பெருக்கினால் 19,20,000 ரூபாய். மருத்துவச் செலவு, ஈமச் செலவு, எதிர்கால வருமான உயர்வு தனி. வருமானத்துக்குச் சான்று வேண்டும்: பர்மிட், லோன் தவணை, வங்கிக் கணக்கு.

ஆறும் படித்துறையும்

ஆற்றுக்கு டிக்கெட் இல்லை. அதனால் நுகர்வோர் ஆணையம் இல்லை. முக்கொம்பு, கல்லணை போன்ற இடங்களில் மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து குழி பறித்திருக்கும். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் கீழே சுழல் இழுக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த எட்டிலேயே இருக்கும். அங்கே பிள்ளை இறந்தால் அரசுத் துறை பொறுப்பாகுமா? ஆறு ஆபத்தானது என்பது மட்டும் போதாது. துறையே உண்டாக்கிய ஆபத்து, அல்லது தெரிந்தும் எச்சரிக்காமல் விட்ட ஆபத்து என்று காட்ட வேண்டும்: அனுமதித்த குவாரியின் மூடாத பள்ளம், முன்னறிவிப்பு இல்லாமல் ஏற்றிய ஷட்டர், ஆடிப்பெருக்குக்குக் குளிக்க ஒதுக்கிய படித்துறையில் கட்டாத தடுப்பு. பள்ளத்தை ஆள் உயரக் கம்பு ஊன்றிப் போட்டோ எடுங்கள்; தண்ணீர் வந்துவிட்டால் எந்தப் பள்ளம் என்றே தெரியாது.

இதற்கு வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து உரிமையியல் வழக்கு. தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கு.

பேசி முடிக்கலாம் என்று வருவார்கள்

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஆள் வரும். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ ரொக்கம், கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பர்: 'எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' கவனக்குறைவால் மரணம் என்ற குற்ற வழக்கு இரு தரப்பும் ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடியது அல்ல. ஆனால் அந்தத் தாள் உங்கள் இழப்பீட்டு வழக்கில் பெரிய முட்டுக்கட்டை ஆகும். அவசரச் செலவுக்குப் பணம் வாங்க வேண்டிய நிலை என்றால் வங்கி வழியாக வாங்குங்கள். 'சிகிச்சைச் செலவுக்கான இடைக்காலத் தொகை, முழு இழப்பீடு அல்ல' என்று ரசீதில் எழுதுங்கள். முழுதாகப் பேசி முடிப்பதானால் லோக் அதாலத்திலோ ஆணையத்தின் சமரச மையத்திலோ முடியுங்கள். அங்கே பதிவான உடன்பாட்டைப் பிறகு மறுக்க முடியாது.

குளம், ராட்டினம் நடத்துகிறவர்களுக்கு

மேலே சொன்ன கடிதம் என்றாவது உங்கள் கைக்கு வந்தால், காட்டுவதற்கு ஒரு நோட்டு இருக்க வேண்டும். காலை திறக்கும் முன் மூடி, கயிறு, டிரிப்பர், குளோரின் பார்த்து நேரத்தோடு கையெழுத்து. மதியம் மறுபடி ஒருமுறை. ஒரே மையில் ஒரே நாளில் மாதம் முழுக்க எழுதிய நோட்டு, நோட்டே இல்லாததைவிடக் கெடுதல். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான். கார்டுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். பாலிசியில் 'நீரில் மூழ்குதல் நீங்கலாக' என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். 'நிர்வாகம் பொறுப்பல்ல' பலகையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஆழம் எத்தனை அடி, கார்டு எங்கே இருப்பார், மோட்டார் சுவிட்ச் எங்கே, 108 என்று நான்கு வரி எழுதி மாட்டுங்கள்.